விட்டுக்கொடுக்கும் பசை

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு நாள் விடிவது நள்ளிரவில். ஒட்டன்சத்திரத்துத் தக்காளியும் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும் ஊட்டிக் கேரட்டும் லாரியிலிருந்து இறங்கும்போதே அவற்றின் ஆயுள் கணிக்கப்பட்டுவிடும். மண்டிக்காரர் மூட்டைக்குள் கையை விட்டு ஒன்றை எடுப்பார், கட்டைவிரலால் லேசாக அமுக்குவார். நாளைக்குத் தாங்கும், இன்றைக்கே தள்ள வேண்டும், ஓட்டலுக்குத்தான் ஆகும் என்று மூன்றில் ஒன்று அந்த அமுக்கலில் முடிவாகிவிடும். தர்பூசணி வாங்க வருகிறவர் விரலை மடக்கித் தட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோவார். ஒரு பொருளின் நிலை என்ன என்று கேட்பதையே தொழிலாகக் கொண்ட இடம் இது. ஆனால் இங்கே கேள்வியும் பதிலும் ஒரு பகலுக்குள் அடங்கிவிடும்.

நூற்றைம்பது வயதான மேசை ஒன்றின் நிலையைக் கேட்டு நான் போனதும் இதே பக்கம்தான். மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது மரக்கடை. பேருந்து நடத்துனர் கூவும் நிறுத்தப் பெயர் அது. பெயர் சுமந்த மரம் பெரும்பாலும் வேறு இடங்களுக்குப் போய்விட்டாலும், சந்துக்குள் இன்னும் இழைப்புளிச் சத்தம் கேட்கும் பட்டறைகள் உண்டு. அங்கே எழுபதைத் தாண்டிய ஓர் ஆசாரி இருந்தார். மேசையை ஆட்டோவிலிருந்து இறக்கியதும் அவர் அளவுகோலை எடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சுட்டுவிரல் நகத்தால் மேற்பலகையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே போனார். சில இடங்களில் 'டொக்' என்றது. சில இடங்களில் 'பொத்' என்றது. பொத்தென்ற இடங்களைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டார். தர்பூசணிக்காரரின் காது அவருக்கும் இருந்தது.

"எங்க வாங்குனீங்க தம்பி?"

"வாங்கல ஆசாரி, சித்தப்பாவோடது. பாண்டிச்சேரியிலேர்ந்து வந்தது. பிரெஞ்சுக்காரங்க வேலை. மார்க்கெத்ரின்னு சொல்வாங்க."

"மார்க்கெட்டுலயா?"

மார்க்கெட்டுக்கும் மார்க்கெத்ரிக்கும் உறவு இல்லை. புள்ளியிடுவது, குறியிடுவது என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் அது. பல நிற மரங்களை மெல்லிய தகடாக அறுத்து, அவற்றிலிருந்து இலையும் பூவும் கொடியும் வெட்டி, ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருத்தி, சாதாரண மரத்தில் செய்த உடம்பின்மேல் ஒட்டுவது. நம் ஊர் இழைப்பு வேலையிலிருந்து இது வேறுபடும். தஞ்சாவூர் வீணைக் குடத்திலும் மைசூர் ஈட்டி மரப் பலகையிலும் கெட்டி மரத்தைப் பள்ளம் பறித்து, அந்தப் பள்ளத்தில் வேறொன்றைப் பதிப்பார்கள். மார்க்கெத்ரியில் பள்ளம் கிடையாது. மேலே தெரிவது எல்லாம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர். இதை விளக்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது ஆசாரி சொன்னார்: "புரியுது. இது மரம் இல்ல தம்பி. மரத்தோட தோலு."

✦

திருச்சிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் புதியவர்கள் அல்ல. 1751 முதல் 1754 வரை இந்த ஊரைச் சுற்றித்தான் அவர்களும் ஆங்கிலேயர்களும் ஆளுக்கொரு நவாபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மோதினார்கள். 1752இல் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா தன் படையோடு திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கினான். கோயில் மதில்கள் அவனுக்குக் கோட்டையாயின. அந்த ஜூன் மாதத்தில் சரணடைந்தான். அவன் ஆதரித்த சந்தா சாகிபின் தலை போயிற்று. அடுத்த ஆண்டு சண்டை இன்றைய பொன்மலைப் பக்கம் நகர்ந்தது. 1754இல் புதுச்சேரி ஆளுநர் தூப்ளே திரும்ப அழைக்கப்பட்டான். அத்தோடு அந்தக் கனவு முடிந்தது.

சரியாக அதே 1751இல் ஜெர்மன் நாட்டில் பிறந்த ழான்-பிரான்சுவா ஓபென் என்ற தச்சர் பாரிசில் லூவர் அரண்மனைக்குள் இருந்த ஒரு பட்டறையில் இடம் பிடித்தார். ஆமை ஓட்டையும் பித்தளையையும் சேர்த்து அறுத்துப் புகழ் பெற்ற ஆந்த்ரே-ஷார்ல் பூலின் மகன் பட்டறை அது. 1754இல் ஓபென் அரசனின் தச்சரானார். பதினைந்தாம் லூயிக்காக அவர் 1760இல் தொடங்கிய எழுதுமேசையை அவருக்குப் பின் ழான்-ஆன்ரி ரீசனேர் 1769இல் முடித்தார். ஒரு மேசைக்கு ஒன்பது ஆண்டு. திருவரங்கத்தில் ஒரு படை சோற்றுக்குத் திண்டாடிய காலத்தில் அதே அரசனின் தலைநகரத்தில் ஒரு கை, ரோஜா இதழின் ஓரத்தைச் சூடான மணலில் சில நொடி புதைத்துக் கருக்கி, இதழுக்கு நிழல் ஏற்றிக்கொண்டிருந்தது. மார்க்கெத்ரியில் நிழல் என்பது தீட்டப்படுவதில்லை, சுடப்படுவது.

இந்தத் தச்சர்களுக்குப் பிரெஞ்சில் 'எபெனிஸ்த்' என்று பெயர். எபென் என்றால் கருங்காலி. கருங்காலியைக் கையாளத் தெரிந்தவன் என்பதே உயர்ந்த தச்சனுக்குப் பட்டமாயிற்று. தென்னிந்தியக் காடுகளிலும் இலங்கையிலும் வளரும் மரத்தின் இனம் அங்கே ஒரு தொழிலுக்கே பெயரானது. இங்கே அதன் கதி வேறு. பொன்மலை ரயில்வே பட்டறை இருக்கும் ஊரில் கருங்காலி என்றதும் மரம் நினைவுக்கு வருவதில்லை. வேலைநிறுத்தத்தின்போது கூட்டாளிகளை விட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போனவன்தான் நினைவுக்கு வருவான். இப்போதோ கருங்காலி என்றால் கழுத்து மாலை. கோயில் வாசல்தோறும் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அத்தனை மணிக்கும் கருங்காலிக்கு எந்தக் காட்டுக்குப் போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஈரத் துணியால் துடைத்தால் சில மாலைகள் தாமாகவே பதில் சொல்லிவிடும்.

என் மேசையின் விளிம்பிலும் கறுப்புப் பட்டை ஒன்று ஓடியது. கருங்காலி என்றே இத்தனை நாள் பெருமையாகச் சொல்லிவந்தேன். ஆசாரி அடிப்பக்கத்தில் உளிமுனையால் ஒரு கீறு கீறினார். உள்ளே இளஞ்சிவப்பு. "சாயம்." பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசில் பேரி மரத்தைக் கறுப்பேற்றிக் கருங்காலியாக நடமாடவிட்டது ஊரறிந்த வழக்கம். மேசையில் இருந்த திருகாணிகள் எந்திரத்தில் செய்தவை, முனை கூர்ந்தவை. தகடோ முகத்துக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிது. கையால் அறுத்தது அல்ல. 1743 தொடங்கிப் பாரிஸ் சங்கத்துத் தச்சர்கள் தம் பெயரை மரத்தில் முத்திரையாகக் குத்த வேண்டும் என்று விதி வந்தது. இதில் முத்திரை ஏதும் இல்லை. ஆக, என்னுடையது ஓபென் காலத்து மேசை அல்ல. நூறாண்டு கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்திலோ அதற்குப் பின்னோ, பழைய பாணியை நகலெடுத்து ஏதோ பட்டறை பத்தோடு பதினொன்றாகச் செய்து அனுப்பியது.

கேட்டதும் எனக்கு மனசு சற்று சுருங்கியது. ஆசாரிக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. "சாயமா இருந்தா என்ன, சேந்த இடம் பாருங்க. முடி நுழையாது" என்றார்.

✦

மேசையின் நிலைக்கு வருவோம். மேற்பலகையின் நடுவில் ஒரு நீண்ட வெடிப்பு. மூன்று இடங்களில் தகடு குமிழ் விட்டிருந்தது. ஓரத்துப் பித்தளைக் கம்பி நிமிர்ந்து எழுந்து, போகிற வருகிறவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது. இரண்டு இதழ்களையும் ஒரு தண்டையும் காணோம்.

மரம் வெட்டப்பட்ட பிறகும் காற்றோடு பேசுவதை நிறுத்துவதில்லை. ஐப்பசியில் ஈரம் குடித்து அகலும். அக்கினி நட்சத்திரத்தில் வற்றிச் சுருங்கும். அதுவும் ரேகைக்குக் குறுக்காகத்தான். ரேகையின் நீளவாக்கில் அது ஏறக்குறைய அசையாது. உடம்பு ஒரு திசையில் சுருங்க, மேலே ஒட்டிய தோலின் ரேகை வேறு திசையில் ஓட, தோலுக்கு இரண்டே வழிதான்: கிழிய வேண்டும், அல்லது எழும்ப வேண்டும். பித்தளை இந்த வாக்குவாதத்தில் சேருவதே இல்லை. ஈரத்துக்கு அது அகலாது, வறட்சிக்குச் சுருங்காது. சுற்றியுள்ள மரம் சுருங்கியதும் இடம் போதாமல் வில்போல் துள்ளி வெளியே வருகிறது. பாரிசின் குளிருக்கும் ஈரத்துக்கும் பழக்கப்பட்ட உடம்பைக் கடல் தாண்டிப் புதுச்சேரியில் இறக்கி, பின் திருவரங்கத்து மேல்மாடியில் ஓட்டு வெயிலுக்குக் கீழே வைத்தால் இத்தனையும் நடந்தே தீரும். இதில் யார்மீதும் குற்றம் இல்லை.

குற்றம் வேறோர் இடத்தில் இருந்தது. இருபது வருடத்துக்கு முன் ஒருமுறை நாங்கள் அதை 'ரிப்பேர்' செய்தோம். எங்கள் தெருப் பக்கம் வந்த ஒருவர் குமிழ்களைக் கத்தியால் கீறி, உள்ளே ஃபெவிகாலை ஊற்றி, செங்கல் வைத்து அழுத்திக் கொடுத்தார். மறுநாள் கல் போல ஒட்டியிருந்தது. நாங்களும் மகிழ்ந்தோம். அந்த இடங்களைத்தான் இப்போது ஆசாரி நகத்தால் தட்டித் தட்டித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பழைய பிரெஞ்சு வேலையில் இருப்பது மாட்டுத் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுத்த பசை. நம் தச்சர்களிடமும் அதுவே இருந்தது. வச்சிரம் என்பார்கள். தண்ணீர்ச் சட்டிக்குள் பசைச் சட்டியை வைத்துக் காய்ச்ச வேண்டும். நேரடி நெருப்பு ஆகாது, சூடு ஏறினால் பலம் போய்விடும். ஆறுவதற்குள் ஒட்டி முடிக்க வேண்டும். நாற்றம் வேறு. 1959இல் ஃபெவிகால் வந்தது. வெள்ளை வெளேர் என்று, நாற்றமில்லாமல், அடுப்பில்லாமல். "அது வந்தப்ப எங்கப்பா மலைக்கோட்டை மாணிக்க விநாயகருக்குத் தேங்காய் ஒடச்சாரு" என்றார் ஆசாரி. "ராத்திரி பூரா வச்சிரம் காய்ச்சுன கை. சின்னப் பையன்ல அந்த நாத்தத்துலதான் நான் தூங்குவேன்." ஆகையால் பழைய பசையைப் புனிதமாக்கி நான் பேசத் தொடங்கினால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். புதுக் கதவுக்கும் கட்டிலுக்கும் அவர் பட்டறையிலும் ஃபெவிகால் வாளிதான் இருக்கிறது.

"ஆனா ஒண்ணு" என்றார். "வச்சிரம் சூடும் ஈரமும் காட்டுனா விட்டுக் குடுக்கும். நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி ஒட்டலாம். இது விட்டுக் குடுக்காது. நான் இப்ப இதப் பிரிச்சா பூவும் சேந்து வந்துரும்."

தமிழில் விட்டுக்கொடுப்பது என்பதற்கு எதிரெதிரான இரண்டு முகங்கள். 'கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போ' என்றால் அது பண்பு. 'நண்பனை விட்டுக்கொடுத்துவிட்டான்' என்றால் அது கருங்காலித்தனம். பசை விஷயத்தில் இந்த இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. எந்தப் பசை எதற்கும் விட்டுக்கொடுக்காதோ, அதுவே கடைசியில் பொருளை விட்டுக்கொடுத்துவிடுகிறது. உடம்பு அசையும்போது தோல் அசைய அது இடம் தராது. பின்னால் வருகிற கைக்கும் இடம் தராது. ஒட்டியவனின் முடிவே கடைசி முடிவு. வச்சிரம் அப்படியல்ல. 'இப்போதைக்கு இப்படி' என்று சொல்லித்தான் அது ஒட்டுகிறது.

கோயில் திருப்பணியிலும் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சுண்ணாம்புக் காரை கல்லைவிட மெலிவானது. ஏதாவது உடைய வேண்டுமென்றால் முதலில் அது உடையும், கல் தப்பும். சிமெண்டு கல்லைவிடப் பிடிவாதமானது, ஈரத்தை வெளியே விடாது. கல்தான் உதிரும். திருவரங்கம் கோயில் மரபு முறையில் புதுப்பிக்கப்பட்டதற்காக 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. ஊரில் பலர் அதை ஒரு சான்றிதழாகவே பார்த்தார்கள். விட்டுக்கொடுக்கத் தெரிந்த பசைக்குக் கிடைத்த விருது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

✦

இழுப்பறையின் முகப்பில் பித்தளைப் பூட்டுத் தகடு ஒன்று இருந்தது. புதுச்சேரியில் யாரோ பின்னால் வைத்து அடித்தது. அழகுக்கு அல்ல, பூட்டுவதற்கு. பூங்கொடியின் நட்டநடுவில், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அதன் ஆணி தளர்ந்திருந்ததால் ஆசாரி கழற்றினார்.

அடியில் ஓர் இலை. பச்சை.

மேசை முழுவதும் இலைகள் உண்டு. எல்லாம் பழுப்பு. நான் அறிந்த நாளிலிருந்து பழுப்பு. தேன் பழுப்பு, புகையிலைப் பழுப்பு, காப்பிக் கொட்டைப் பழுப்பு என்று அந்த நிற பேதங்களை ரசித்து எழுதியும் இருக்கிறேன். பழமையின் கண்ணியம் என்றெல்லாம் வார்த்தை போட்டிருக்கிறேன். தகட்டுக்கு அடியில் வெளிச்சம் படாமல் கிடந்த இலை மட்டும் கிளிப் பச்சையாக இருந்தது. மேசை பிறந்த அன்று எல்லா இலையும் அப்படித்தான் இருந்திருக்கும். பிரெஞ்சு மார்க்கெத்ரியில் மரத்துக்குப் பச்சையும் நீலமும் சிவப்பும் சாயமேற்றுவது வழக்கம். வெளிச்சம் அந்தச் சாயத்தைத் தின்றுவிட்டு எல்லாவற்றையும் ஒரே பழுப்பாக்கிவிடுகிறது. உலகம் அந்தப் பழுப்பையே பிரெஞ்சு மேசையின் நிறம் என்று நம்பி, அதேபோலப் பழுப்பாகப் புதிது செய்து வாங்குகிறது.

எனக்குத் திருவரங்கத்து ராஜகோபுரம் நினைவுக்கு வந்தது. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்றது 1987இல் பதின்மூன்று நிலைகளோடு 236 அடிக்கு எழுந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்க்கும் வெளியூர் நண்பர்கள், குறிப்பாகக் கொஞ்சம் படித்தவர்கள், "இத்தனை வர்ணம் எதுக்கு? கல்லு மாதிரி விட்டிருக்கலாமே" என்பார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். கோபுரத்தின் மேல்நிலைகளில் இருப்பது செங்கல்லும் சுதையும். சுதைக்கு வர்ணம் உடுப்பு. குடமுழுக்குக்குக் குடமுழுக்கு அது மாற்றப்படும். வெளுத்துப்போன கோபுரத்தைப் பழமையென்றும், புதிதாக வர்ணம் பூசியதைக் கண்றாவி என்றும் சொல்லும் கண், வெயில் செய்ததை மனிதன் செய்ததாக எடுத்துக்கொள்கிறது. என் மேசையைப் பார்த்த கண்ணும் அதுதான்.

அப்படியென்றால் மேசைக்கும் வர்ணம் பூசிவிடலாமா? கேட்டேவிட்டேன். மேல்பழுப்பைச் சுரண்டினால் உள்ளே பச்சை இருக்குமா என்று.

"இருக்கும் கொஞ்சம். ஆனா தோலு எத்தன மெல்லிசு. நீங்க பச்சையப் பாக்குறதுக்குள்ள பூ போயிரும்."

கோபுரத்துக்கு உடுப்பு வேறு, உடம்பு வேறு. மேசையில் உடுப்பே உடம்பு. ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றுக்குக் கொலை.

✦

1793 ஆகஸ்டில் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டு வெர்சாய் அரண்மனையின் சாமான்களைப் புரட்சி அரசு ஏலம் விட்டது. 17,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அரசிகளின் மேசைகள் மூட்டை வெங்காயம்போல் கைமாறின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் பெல்ஜியம் கண்ணாடிகளும் வரிசையாகச் சாய்ந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஏலம்தான் ஞாபகம் வரும். புதுச்சேரியிலோ 1761இல் ஆங்கிலேயர் நகரத்தையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். தூப்ளே படுத்த கட்டில் என்று ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளுக்குள் வேறு என்னவெல்லாம் இருந்தன என்பது இடிபாட்டோடு போயிற்று. ஆகவே ஒரு பொருளின் நிலை என்பதில் பாதி, அதன்மேல் யார் கை வைத்தார்கள் என்பது. மீதி, யார் கை வைக்காமல் விட்டார்கள் என்பது.

ஆசாரி பத்து நாள் எடுத்துக்கொண்டார். ஃபெவிகால் இறங்கிய இடங்களை அப்படியே விட்டார். மற்றக் குமிழ்களுக்குள் ஊசி மருந்துக் குழாயால் வெதுவெதுப்பான வச்சிரத்தை ஏற்றி, பழுப்புக் காகிதம் விரித்து, இஸ்திரிப் பெட்டியை லேசாகக் காட்டி, மேலே இரும்பு எடைக்கற்களை அடுக்கினார். மார்க்கெட்டில் மின்னணுத் தராசு வந்தபின் பழைய இரும்புக்குப் போன ஐந்து கிலோக் கற்கள். வெங்காயத்தை நிறுத்த கற்கள் இப்போது பாரிஸ் ரோஜாவை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. கடைசியில் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப் பந்தால் ஒரே ஒரு கை தடவினார். நம் நாட்டு மரங்களில் பூச்சி கட்டும் அரக்குதான். ஆனால் பட்டறையில் அதற்குப் பெயர் பிரெஞ்சு பாலிஷ்.

காணாமற்போன இதழ்களுக்குப் புதிது வெட்டிப் பொருத்தச் சொன்னேன். மறுத்துவிட்டார். தெரியாமல் இல்லை. பொருந்துகிற மரம் கைவசம் இல்லை, ஈட்டித் துண்டை வைத்தால் நிறம் உதைக்கும் என்றார். பித்தளைக் கம்பியில் உடைந்த துண்டு ஒன்றும், குமிழைத் தூக்கியபோது உதிர்ந்த விரல்நுனி அளவுத் தகடு மூன்றும் மிச்சமிருந்தன. எங்கே ஒட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் என்றால் தூக்கிப் போட்டிருப்பேன். அவர் நாளிதழ் துண்டில் வைத்து மடித்து, வாழைக்காய் மண்டிப் பக்கமிருந்து வந்த நாரால் கட்டினார். பூக்கடைப் பொட்டலம் போலிருந்தது. இழுப்பறையின் உள்மூலையில் வைத்துத் தள்ளி மூடினார்.

பூட்டுத் தகட்டை மறுபடி அடிக்கட்டுமா என்று கேட்டார். பச்சை இலை வெளியே தெரியட்டும் என்றேன் நான். அவர் ஜன்னலையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்காமலே தகட்டை எடுத்து, பழைய ஆணித் துளையிலேயே ஆணியைச் செருகி, சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். முழுக்க இறங்கவில்லை. பிடுங்க வருகிறவனுக்குக் குறடு பிடிபடும் அளவுக்கு ஆணித் தலையை வெளியே விட்டிருந்தார்.